படம் காட்டாத எட்டு ஆண்டுகள்
கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டே என்றதும், அவரைப் பற்றிய படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு மறுதேர்வுதான் நினைவுக்கு வரும். 1982இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் கார்ஃபீல்டு பள்ளியில் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் 14 பேர் முறைகேடு செய்ததாகத் தேர்வு நடத்திய நிறுவனம் சந்தேகித்தது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், அத்தனை பேரும் தேறினார்கள். 1988இல் வந்த படத்துக்கு இதைவிட நல்ல உச்சக்காட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் சினிமாவுக்கு எப்போதும் அவசரம். பின்னத்திலேயே தடுமாறும் பிள்ளைகள் அதில் மளமளவென்று நுண்கணிதத்துக்கு ஏறிவிடுகிறார்கள். பொலிவியாவில் ஆசிரியராக இருந்து, அமெரிக்காவில் உணவகத்தில் தரை துடைத்த அந்த மனிதர் கார்ஃபீல்டுக்கு வந்ததோ 1974இல். விஷயமே அந்தத் தேர்வு வரையிலான எட்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது. இயற்கணிதத்திலிருந்து படிப்படியாகக் கட்டிய வகுப்புகள், பள்ளி மணிக்கு முன்னும் பின்னும் பாடம். ஒழுங்காகப் படிப்பேன் என்று ஒரு தாளில் பிள்ளையின் கையெழுத்து, அதன் கீழே பெற்றோர் கையெழுத்து. அந்தத் தாளைப் பெரிய ஆயுதம் என்றே சொல்லலாம்: கணக்கு தெரியாத தாயும் அதன் மூலம் கணக்கு வகுப்புக்குள் வந்துவிடுகிறாள். பின்னாளில் பக்கத்துக் கல்லூரியில் கோடை வகுப்புகளும் சேர்ந்தன. 1991இல் எஸ்கலான்டே கார்ஃபீல்டிலிருந்து விலகினார். சில ஆண்டுகளிலேயே அந்தப் பள்ளியில் நுண்கணிதத்தில் தேறுவோர் எண்ணிக்கை சரிந்தது.