துரை கொடுத்தால் மைதானம்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகலைப் பக்கத்து இளைஞர் அணியொன்றுடன் பொகவந்தலாவைக்குச் சென்றிருந்தேன். அவ்வணியின் கோல் காப்பாளன் என் ஒன்றுவிட்ட தமக்கையின் பேரன். அணியோடு சென்ற ரசிகர்கள் மொத்தம் பதினொரு பேர்; அவர்களில் மூத்தவன் நான். "தாத்தா, நீங்க பஸ்ஸிலயே வாங்களேன்" என்று பையன்கள் தடுத்தும் கேளாமல் அவர்களுடைய லொறியிலேயே ஏறிக்கொண்டேன். பத்திரிகைத் தொழிலில் 35 ஆண்டுகள் இருந்தவன்தான். கொழும்பு மைதானங்களில் பத்திரிகையாளருக்கென்று போடப்பட்ட நாற்காலிகளில் அமர்ந்து எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். தோல்வியடையப் போகும் அணியோடு லொறியில் நின்றுகொண்டு போனது இதுவே முதற்தடவை.

ஹட்டனைக் கடந்தால் டிக்கோயா. அதற்கு அருகே தரவளையில் அன்றைய தோட்டத் துரைமார் தமக்கென அமைத்துக்கொண்ட விளையாட்டு மைதானம் இன்றும் இருக்கிறது. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே தோன்றிவிட்டது. மலைநாட்டில் சமதரைக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேண்டும் என்று நினைத்தவனுக்கு மலை வெட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெட்டிய கைகள் எவருடையவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நோர்வூட். சௌமியமூர்த்தி தொண்டமான் பெயரைத் தாங்கிய மைதானம் அங்கே உள்ளது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்திறங்கி, பெருங்கூட்டத்தின் முன் மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று அறிவித்தது நோர்வூட் மைதானத்திலேதான். 2020 மே மாதம் அமைச்சர் ஆறுமுகன் தொண்டமானின் இறுதிக் கிரியைகள் நடைபெற்றதும் அங்கேதான். நாட்டின் செய்தியாளர்கள் அனைவருக்கும் அந்த மைதானம் தெரியும். ஆனால், அங்கே நடந்த ஓர் உதைபந்தாட்டத்தின் முடிவைக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? நானும் அறியேன். மலையகத்தில் சமதரை என்றால் மேடை போடும் இடம், ஹெலிகொப்டர் இறங்கும் இடம் என்றே நாங்களும் எழுதிப் பழகிவிட்டோம்.

பொகவந்தலாவையில் நாங்கள் இறங்கிய தோட்டத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நிருவாகத்தின் கோபம் அங்குள்ள பையன்கள் மீதுதான் பாயும். ஸ்டோருக்கும் லயன் வரிசைக்கும் இடையில், பழைய பிரட்டுக்களத்தைச் சற்று நீட்டி எடுத்த தரை. ஒருபுறம் எல்லைக்கோட்டை ஒட்டியே தேயிலைச் செடிகள். பந்து அதற்குள் போனால் வேடிக்கை பார்க்கும் பெண்கள் அட்டைக்கடியையும் பொருட்படுத்தாமல் எடுத்து எறிவார்கள். மறுபுறம் மழைநீர் ஓடும் கான். கோல் கம்பங்கள் யூக்கலிப்டஸ் மரத்தில் வெட்டியவை. சர்வதேச விதிப்படி ஆடுகளத்தின் நீளம் குறைந்தது 90 மீற்றர் இருக்க வேண்டும். நான் இடைவேளையில் காலால் அளந்து பார்த்தேன்; 82 எட்டு வந்தது. என்னுடைய எட்டு மீற்றருக்குக் குறைவு.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். உள்ளூர் அணியின் இடதுபுற முன்கள வீரன் அச்சேற்றில் பந்தைக் காலிலிருந்து பிரியவிடாமல் கொண்டு சென்ற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இடைவேளைக்குப் பின்னர், கோலை விட்டு விலகிப் பந்தைத் துரத்திய எங்கள் காப்பாளன் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கானுக்குள் விழுந்தான். கணுக்கால் எலும்பு வெடித்துவிட்டது. எதிரணியின் பையன்களே முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

"அந்தக் கானுக்கு மூடி போட முடியாதா?" என்று அணிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஸ்டோரில் வேலை செய்யும் நடுத்தர வயதுக்காரர் அவர்.

"மூடி போடுறதுக்கு கிரவுண்டு நம்மளோடது இல்லீங்களே ஐயா. தொரை குடுத்தா வெளையாடுவோம். போன தொரை குடுத்தாரு. இந்தத் தொரை மாசத்துக்கு ஒருக்கா யோசிச்சுக் குடுக்கிறாரு."

2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியதையும், ஓகஸ்டில் தடை நீங்கியதையும் பேச்சுவாக்கில் குறிப்பிட்டேன். "அப்புடியா ஐயா?" என்றார். கொழும்பில் நாற்காலிகளுக்காக நடந்த அந்தச் சண்டையை நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம்.

வாசகர்களே, அந்தப் பொறுப்பாளர் சொன்னது வெறும் புலம்பலன்று. சட்டத்தின் நிலையும் அதுவே. பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகின. 1992இல் 20க்கும் மேற்பட்ட கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றன. காணி அரசுடையது, கையாள்வது கம்பனி, வாழ்வது தொழிலாளி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப் புறங்களில் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் வந்த உறுப்பினர், வென்றபின் அங்கே ஒரு கானுக்கு மூடி போடச் சட்டம் இடம் தரவில்லை! அப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட்டுக்கெனத் தனிப் பிரதேச சபையும் அமைந்தது. ஆகவே, "எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதில் இனிச் செல்லாது.

ஒரு பொது மைதானம் என்ன செய்யும் என்பதற்கு நாவலப்பிட்டியைப் பாருங்கள். அங்கே நகரத்துக்கென்று ஜயதிலக்க மைதானம் உண்டு. அவ்வூரின் அப் கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021இல் ஆரம்பிக்கப்பட்ட சூப்பர் லீக்கின் பத்து அணிகளுள் ஒன்றாக நின்றது. பொகவந்தலாவையின் கால்கள் நாவலப்பிட்டியின் கால்களுக்கு இளைத்தவை என்று நான் நம்பவில்லை. அந்த இடதுபுறக்காரனைப் பார்த்தபின் நம்பவே மாட்டேன்.

"இருக்க வீடில்லாதவனுக்கு மைதானம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்துப் போட்டபின் இக்கேள்வி இன்னும் பலமாகவே ஒலிக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால், கேட்பவர் எவர் என்பதையும் பார்க்க வேண்டும். 7 பேர்ச் காணியையும் இழுத்தடித்துக் கொடுத்தவர்களே இதைக் கேட்கிறார்கள். வீட்டுக்குக் காணி கேட்டால் தேயிலை குறையும் என்கிறார்கள். மைதானத்துக்குக் காணி கேட்டால் வீடு குறையும் என்கிறார்கள். கொழுந்து வராமல் காடேறிக் கிடக்கும் மலைகளை இவர்கள் கண்ணால் கண்டதில்லையா? பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. 1879இல் இறந்தவர். வெளிநாட்டார் தேடிவந்து பார்க்கிறார்கள், வரட்டும். இறந்தவருக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லையை இந்நாள் வரை எவரும் நகர்த்தவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அரசியல்வாதிகளை மட்டும் சாடிவிட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. நான் பணியாற்றிய காலத்தில், ஐரோப்பிய லீக் ஆட்டங்களுக்கு அரைப் பக்கம் தந்த நாங்கள், தோட்ட அணிகளின் இறுதிப் போட்டிக்கு நான்கு வரி தந்தோம். அந்த நான்கு வரியிலும் கிண்ணத்தை வழங்கியவரின் பெயர் இருக்கும், கோல் போட்டவனின் பெயர் இராது. தேர்தல் காலத்தில் ஜேர்சியும் பந்தும் கொடுப்பவரின் படத்தை அச்சிட்டோம். அந்தப் பந்தை எந்தத் தரையில் உதைப்பார்கள் என்று ஒருமுறையேனும் கேட்டு எழுதியதாக எனக்கு நினைவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் இப்போது விளையாடப்படும் தரையை அளந்து, எல்லைக்கல் நட்டு, எழுத்து மூலம் பிரதேச சபையிடம் கையளிக்க வேண்டும். ஜேர்சி பிறகு வரலாம். 2024இல் ஒரு நாட் சம்பளம் 1,350 ரூபாவாகியது. தாயின் பல நாட் பேரைச் சேர்த்துத்தான் பையன் ஒரு சோடி பூட்ஸ் வாங்குகிறான். அதையும் அவர்கள் எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். தரையை மட்டும் கடையில் வாங்க முடியாது.

பையன் காலில் கட்டோடு லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறான். மறு ஆட்டம் எங்கள் தோட்டத்தில் நடைபெற வேண்டும். மைதானத்துக்கு அனுமதி கேட்டு நிருவாகத்துக்குக் கடிதம் கொடுத்துப் பதினாறு நாட்களாகின்றன. பதில் இன்னும் வரவில்லை.