கன்றின் வெள்ளைக் கழிச்சல் வேறு, குழந்தையின் வெளுத்த மலம் வேறு

கேள்வி: எங்கள் வீட்டில் பத்து நாள் கன்று வெள்ளையாகக் கழிந்தது. கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்தார், மூன்று நாளில் சரியாகிவிட்டது. இப்போது 34 நாள் ஆன என் பேரனுக்கும் மலம் வெளுத்துப் போகிறது. கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. பால் நன்றாகக் குடிக்கிறான். தினமும் காலை வெயிலில் காட்டுகிறோம். கன்றுக்குச் சரியானதுபோல் இதுவும் சரியாகிவிடுமா? கீழாநெல்லி கொடுக்கலாமா?
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கும் விஷயமல்ல இது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களிடம் போனில் பேசினேன். இதே சந்தேகம் மற்ற வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவன், மருத்துவன் அல்ல. என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய அறிகுறி இது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

கன்றுக்கு வந்தது பெரும்பாலும் குடலில் வரும் கோளாறு. பால் செரிக்காமலோ, கிருமி தொற்றியோ தண்ணீராகவும் நாற்றமாகவும் கழியும். அதில் ஆபத்து உடம்பில் நீர் வற்றுவது. குழந்தைக்கு மலம் நிறமே இல்லாமல் போவது ஈரலும் பித்தமும் சம்பந்தப்பட்டது.

ஆடு அறுக்கும்போது ஈரலோடு ஒட்டிய பச்சை நிறப் பையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பித்தப்பை. ஈரலில் சுரக்கும் பித்தநீர் குழாய் வழியாகக் குடலுக்கு வருகிறது. மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் கொடுப்பது அந்தப் பித்தம்தான். குழாய் அடைபட்டால் மலம் வெளுத்துவிடும். வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் ஏறி நிற்பதுபோல், இறங்க வழியில்லாத பித்தம் ஈரலில் தேங்கும், ரத்தத்திலும் கலக்கும். அதனால் கண் மஞ்சளாகும், சிறுநீரின் நிறம் கூடும்.

பிறந்த இரண்டு மூன்று நாளில் வரும் சாதாரண மஞ்சள், நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்குள் குறைந்துவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு அரைத்ததுபோல் மஞ்சளாக இருக்கும். சில நாள் பச்சையாகப் போனாலும் பெரும்பாலும் பயமில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று:

* 14 நாள் தாண்டியும் கண்ணில் மஞ்சள்.
* மலம் களிமண், சாம்பல் அல்லது அரிசி மாவு போல் வெளுத்திருப்பது.
* சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுவது. பச்சைக் குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமில்லாமல்தான் இருக்க வேண்டும்.

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது என்பதை வைத்துத் தைரியமாக இருந்துவிட முடியாது. பித்தக்குழாய் அடைப்போடு பிறக்கும் குழந்தைகள் முதல் சில வாரங்களில் நன்றாகவே தெரிவார்கள். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டே வரும். இதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்டுபிடித்த முறை அது. குடலின் ஒரு பகுதியை ஈரலோடு நேராக இணைத்துப் பித்தம் இறங்க வழி செய்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போகப் போக, வயது மீறிய நாற்றை நட்டதுபோல்தான். கடைசியில் ஈரல் மாற்று வரை போக நேரிடும். உங்கள் பேரனுக்கு 60 நாளாக இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பரிசோதனைகளுக்கே சில நாள் போய்விடும்.

வெயிலில் காட்டுவதால் இந்த அடைப்பு திறக்காது. கீழாநெல்லியாலும் திறக்காது. இந்த வயதில் தாய்ப்பாலைத் தவிர எந்தச் சாறும் வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் மொத்த பிலிரூபின், நேரடி பிலிரூபின் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நேரடி அளவு கூடியிருந்தால் குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அப்படிப்பட்ட ஒன்று. போகும்போது மலம் பட்ட துணியையோ, பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவையோ கொண்டுபோங்கள். வெளுத்த மலம் எல்லாமே இந்த நோய் அல்ல, வேறு காரணங்களும் உண்டு. பரிசோதித்தால்தான் தெரியும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலம் வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறமாகி, கண் மஞ்சளித்து, உடம்பு அரித்தால், பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். வலி இல்லை என்று பத்தியம் இருந்து நாளைக் கடத்தாதீர்கள். காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் மலத்தின் நிறத்தைத் தினமும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அன்றே சொல்லுங்கள்.