யாருடைய மானத்துக்கு இந்த இடைவெளி?

பெரியப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளெக்ஸ் சுருளோடு வந்தார். தாத்தாவின் நூற்றாண்டு வருகிறது, கொடிவழி தயார் செய்திருக்கிறார். நந்தனம் வீட்டுக் கூடத்தில் விரித்தால் சோபாவின் காலைத் தொட்டது. ஆறு தலைமுறை. ஆண்கள் நீலக் கட்டத்தில், பெண்கள் ரோஸ் கட்டத்தில் (இதற்கே தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்). தாத்தாவின் பெயரிலிருந்து நான்கு கோடுகள் இறங்கின. ஐந்தாவது கோடு இல்லை.

ஐந்தாவது கோடு சைதாப்பேட்டையில் குடியிருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். தாத்தாவும் அப்படித்தான் போய் வந்தார், இருபது வருஷம்.

"அத்தை எங்கேண்ணா?"

"அது எதுக்கும்மா இப்போ? பாவம், அவங்களுக்குத்தான் சங்கடம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களைக் குடும்ப வரலாற்றிலிருந்து விட்டுவிடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் என்று. நான் இதை நம்புவதில்லை. அத்தையின் கதை அவர் தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்று அந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எழுபதைத் தாண்டியவர் அவர். அந்தக் கேள்வியை ஒருமுறைகூடச் சந்திக்காதவர் தாத்தாதான். ஃபிளெக்ஸில் விழுந்த இடைவெளி அவருக்காக விடப்பட்டது.

முறை தவறிப் பிறந்தவர் என்பதை ஏதோ உடம்பில் இருக்கும் மச்சம் போலப் பேசுகிறோம். இந்த மாகாணத்தில் அந்த முறை எத்தனை தடவை இடம் மாறியது என்று பாருங்கள். 1949-இல் இந்து ஆண்கள் மனைவி இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்வதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. தேவையான சட்டம்தான், என் பாட்டி போன்றவர்களுக்காகவே வந்தது. ஆனால் தாத்தா 1948-இல் தாலி கட்டியிருந்தால் அத்தையின் அம்மா 'இளைய தாரம்'. 1950-இல் கட்டியதால் 'தொடுப்பு'. அதே ஆள், அதே வாசல்.

சுயமரியாதைத் திருமணங்களின் கதை இன்னும் வினோதம். 1934-இல் சடங்கில்லாமல் நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஊரறிய மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறை தவறியவர்கள் ஆனார்கள். 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவையும் செல்லும் என்றது. பிள்ளைகள் மறுபடி முறையாகப் பிறந்தவர்கள் ஆனார்கள். இடைப்பட்ட வருஷங்களில் அவர்கள் செய்த தப்பு பள்ளிக்கூடம் போனதும் வளர்ந்ததும்தான்.

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சொத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஃபிளெக்ஸில்தான் இடமில்லை.

மறைக்கிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை கிடையாது. எம்.ஏ. படிக்கும்போது வகுப்பில் என் குடும்பத்துப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். அதில் அத்தையின் அம்மாவை 'வைப்பாட்டி' என்று எழுதினேன். உண்மையைப் போட்டு உடைக்கிறோம் என்ற மிதப்பு. ஆணாதிக்கத்தைத் தோலுரிப்பதாக நினைத்துக்கொண்டு, அது அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயரையே நானும் வைத்தேன். வைத்திருந்தவருக்கு ஊர் 'மைனர்' என்று செல்லமாகப் பெயர் கொடுத்திருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. கைதட்டல் கிடைத்தது. கட்டுரை யார் மூலமாகவோ சைதாப்பேட்டைக்குப் போனது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷப் பொங்கலுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

குடும்ப வரலாறு எழுத வரும் மாணவிகளோடு நான் இப்போது சண்டை போடுவது இதனால்தான். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், ஆண்டு, ஊர்: மற்ற பிள்ளைகளுக்கு எழுதும் அதே எழுத்தளவில் எழுதுங்கள். திருமணம் நடந்ததா என்பது பெற்றவர்களைப் பற்றிய செய்தி, அதைப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் தொங்கவிடாதீர்கள். பழைய பதிவேட்டில் கேவலமான சொல் இருந்தால் அது பதிவேட்டின் சொல் என்று தெரியும்படி காட்டுங்கள், உங்கள் சொல்லாக்காதீர்கள். மூக்கையும் முழியையும் பார்த்துத் தகப்பனை ஊகிக்காதீர்கள். தெரிந்தால் அவன் பெயரை விடாதீர்கள். பண்ணையிலும் வீட்டு வேலையிலும் முடியாது என்று சொல்ல வழியில்லாத பெண்கள் பெற்ற பிள்ளைகள் உண்டு. அங்கே 'உறவு' என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

தாய் பெயர் மட்டும் போட்டால் அசிங்கமாக இருக்காதா என்று அண்ணன் கேட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் எம். மதுரை, எஸ். அவருடைய அம்மா, வீணைக் கலைஞர் சண்முகவடிவு. அந்த இனிஷியலை மயிலாப்பூர் சபாக்களில் பக்தியோடு உச்சரித்தவர்கள் நாம். மணமாகாத தாய் தன் பிள்ளைக்குப் பாதுகாவலராகத் தகப்பன் யாரென்று சொல்லத் தேவையில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. அண்ணன் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் நானே சைதாப்பேட்டைக்குப் போனேன். பழைய கட்டுரைக்கு மன்னிப்புக் கேட்டேன், முப்பது வருஷம் தாமதமாக. அத்தை காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"என் பேரைப் போடு. எங்கம்மா பேரைப் பெருசா போடு. உங்க தாத்தா பேரைச் சின்னதா போட்டாலும் பரவால்ல கண்ணு, ஆனா போடு."

பிறகு தன் அம்மாவும் தாத்தாவும் சந்தித்த கதையைச் சொன்னார். "இது உனக்கு. எழுதறதுக்கு இல்ல" என்றார்.

அது இங்கே இல்லை. இந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தெருப் பெயரை எடுத்துவிடு என்றார், எடுத்துவிட்டேன். அண்ணனின் சுருளில் ஐந்தாவது கோட்டைப் பேனாவால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அகலம் போதாது, புதிதாகத்தான் அடிக்க வேண்டும் என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் சொல்கிறாராம். செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.