விளையாட்டிலே வரும் இலக்கணம்

ஆங்கிலத்திற் படர்க்கை ஒருமை நிகழ்கால வினை 'எஸ்' பெறும் என்னும் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவனே, கட்டுரையில் 'ஹி வோக்' என எழுதிவிடுகிறான். அவனைப் பலகாலம் கடிந்த நாம், அதனாற் பயனில்லை என்பதைத் தாமதித்தே உணர்ந்தோம். அவனே தமிழில் 'அவன் நடக்கிறேன்' என ஒருபோதும் சொல்லான். அது விதியால் வந்ததன்று. முற்றத்து விளையாட்டிலும் பேச்சிலும் பழகி வந்தது.

ஆகவே, பெற்றோரே, வீட்டில் இவ்வாட்டத்தை ஆடிப் பாருங்கள். ஒரு பிள்ளை நடந்து காட்டி, 'ஐ வோக் எவ்ரி டே' என்னட்டும்; மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைச் சுட்டி, 'ஹி வோக்ஸ் எவ்ரி டே' என்னட்டும். ஓடுதல், பாடுதல் எனத் தொழில்கள் மாறட்டும். 'எஸ்'ஸை மறந்தவரே அடுத்து நடிக்க வேண்டும்.

தந்தையாரும் ஒருமுறை தவறி எழுந்து நடிக்கட்டும். பிழை செய்தால் அடி விழும் என்ற அச்சம் பிள்ளைக்கு அன்றே நீங்கும். விதியைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.