துறைமுகத்துக்கு வடக்கே கடல் இல்லையா?

சென்னைக்கு விருந்தினர் வந்தால் நாம் கடலைக் காட்டுகிறோம். முதல் நாள் மெரினா, மறுநாள் பெசன்ட் நகர், அதற்கடுத்து முட்டுக்காடு படகுத்துறை, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று குடும்ப உலாவின் வழி தெற்கே நீண்டுகொண்டே போகும். இந்த வழியில் துறைமுகத்துக்கு வடக்கே ஓரிடம்கூட இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவையும் இதே வங்கக் கடலின் கரைகள்தாம். நெய்தல் திணையை வகுப்பறையில் நடத்துகிறவர்களும் சிற்றிதழ்களில் அதைப் பற்றி எழுதுகிறவர்களுமாகிய நாமும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கல்ல.

இதை ரசனை சார்ந்த தேர்வு என்று சொல்லித் தப்பிவிட முடியாது. மெரினாவின் மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பு, புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே அலை வந்து போனது. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் திசை மாறினாலும், மொத்தக் கணக்கில் மணல் வடக்கேதான் போகும். கடலுக்குள் நீட்டப்பட்ட துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் தேங்கிக் கரை அகன்றது. அப்படி அகன்ற கரையைத்தான் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவுமிடமாக்கி மெரினா என்று பெயரிட்டார். வடக்கே சேர வேண்டிய மணல் சேராமல் போக, இராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதிலாகக் கருங்கற் குவியல்தான் கடலை எதிர்கொள்கிறது. நம் குழந்தைகள் மெரினாவில் கட்டும் மணல்வீடு, வடசென்னைக் குழந்தைகளுக்குச் சேர வேண்டிய மணலில் கட்டப்படுகிறது.

மணலைத் தெற்கு வைத்துக்கொண்டது. வடக்குக்கு நகரம் எதைக் கொடுத்தது? அனல்மின் நிலையங்களையும் சாம்பலையும் கொடுத்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் அங்கே அமோனியாவும் கசிந்தது. இரண்டு நாள் வருந்திவிட்டு, மூன்றாம் நாள் நாம் முட்டுக்காட்டுக்குப் படகு விடப் போனோம்.

சரி, தெற்கிலாவது கடலின் மக்களைச் சகித்தோமா? 1985இல் அழகுபடுத்துவதன் பெயரால் மெரினாவிலிருந்து கட்டுமரங்களை அகற்ற முற்பட்டதன் விளைவு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் மாண்டார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்றப்பட்டன. 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி தேவையானதே, சுகாதாரமும் போக்குவரத்தும் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: குப்பம் முந்தியதா, சாலை முந்தியதா? பிந்தி வந்தது எப்படி உரிமையாகிறது, முந்தி இருந்தது எப்படி இடையூறாகிறது?

பட்டினப்பாலையைப் பாடம் சொல்லும்போது நாம் ஒரு காட்சியில் நின்று மகிழ்கிறோம். முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குள் போகவில்லை. சுறவுக்கோடு நட்டு வழிபடுகிறார்கள், உண்டு ஆடுகிறார்கள், கடலிலும் ஆற்றிலும் நீராடுகிறார்கள். தமிழில் கடற்கரை விடுமுறையைச் சொல்லும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று இது. அங்கே ஓய்ந்திருப்பவர்களும் களித்திருப்பவர்களும் கடலில் உழைப்பவர்களே. சிலம்பின் புகார் மக்கள் கடலாடப் போன கரையிலும் கானல்வரியில் கேட்பது நெய்தல் மகளிரின் குரல். இன்றைய நம் உலாவில் அந்த மக்களுக்கு என்ன இடம்? வறுத்த மீன் விற்றால் ஏற்றுக்கொள்கிறோம். வலை உலர்த்தினால் முகம் சுளிக்கிறோம். நெய்தலின் கருப்பொருள் நமக்கு வேண்டும். அதற்குரிய மக்கள் வேண்டாம்.

அப்படியானால் இனி வடசென்னையையும் சுற்றுலாத் தலமாக்கி, பிறர் துயரை வேடிக்கை பார்க்கச் சொல்கிறீர்களா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. 1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தையும் விடியற்காலைக் காசிமேட்டின் மீன் ஏலத்தையும் நம் பிள்ளைகள் பார்ப்பது நல்லதே. ஆனால் நாம் போய்ப் பார்ப்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஞாயிறு மாலை மெரினாவில் கூடும் கூட்டத்தை உற்று நோக்குங்கள். வடசென்னையிலிருந்து பேருந்து ஏறி வந்த குடும்பங்கள் அதில் உண்டு. தங்கள் தெரு முடிகிற இடத்திலேயே கடல் இருக்க, பிள்ளைகளின் கால் நனைக்க அவர்கள் நகரத்தைக் கடந்து வருகிறார்கள்.

அவர்களுக்கு அவர்கள் வாசலிலேயே நச்சற்ற நீரும், கால் வைக்க ஒரு சாண் மணலும் வேண்டும் என்று இதுவரை நாம் ஒரு வரி எழுதியதுண்டா? எழுதாதவரை, நெய்தல் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இல்லை.