அக்காவுக்கு எந்தப் பாட்டுப் பெட்டி? போன வாரம் எனக்கே பாடம் எடுத்தவர்களுக்கு



போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சின்னக் கேள்வி. ஊரில் இருக்கும் என் பெரியக்காவுக்குக் கையடக்கமாக ஒரு பாட்டுப் பெட்டி வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டேன். அறுபது எழுபது பேர் பதில் போட்டீர்கள், சந்தோஷம். ஆனால் பாதிப் பேர், "இந்தக் காலத்துல யாரு டீச்சர் எம்பி3 பிளேயர் வாங்குறா, போனே போதுமே" என்றீர்கள். மீதிப் பேர் ஐபாடா சோனியா என்று உங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டீர்கள். அக்காவுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதும் பழக்கம் நாலாம் வகுப்போடு போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை.

அக்காவுக்கு வயது 74. கண்ணில் நீரழுத்த நோய். இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் நிழல் தெரிகிறது. இரண்டு ஆடு வைத்திருக்கிறாள். அவற்றை ஓட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்காருவாள். அந்த நேரத்துக்குத்தான் பாட்டு. அதிலும் அவள் கேட்பது சினிமாப் பாட்டை மட்டுமல்ல. 1987 கோடை விடுமுறையில், பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, எங்கள் அம்மா பாடியதை நான் பதிவு செய்து வைத்தேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, பெரிய மாமா இறந்தபோது பாடிய ஒப்பாரியைத் திரும்பப் பாடிக் காட்டியது, எல்லாமாகப் பதினோரு பாட்டு. நாலு வருஷத்தில் அம்மா போய்விட்டார்கள். "அம்மா பாட்டைப் போட்டுக் குடுடீ" என்பதுதான் அக்கா என்னிடம் கேட்டது.

இப்போது போன்காரர்களிடம் வருகிறேன்.

கண் தெரியாத ஒருத்தி கையில் வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகையைக் கொடுத்துவிட்டு, "தொடுங்க, தள்ளுங்க, இழுங்க" என்பது என்ன நியாயம்? பாட்டு ஓடும்போதே போன் வரும். போனில் யாரோ ஒருவன் வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்க என்பான். உங்களுக்கே அதில் பணம் போயிருக்கிறது, பெயர் சொல்ல மாட்டேன். புது போன் பலவற்றில் இயர்போன் குத்துகிற ஓட்டையே இல்லை. 2016இல் ஐபோன் அதை எடுத்தது, சிரித்த கம்பெனிகளும் பின்னாலேயே எடுத்தன. மெமரி கார்டு போடும் இடத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ப்ளூடூத்தை அக்கா தினம் ஜோடி சேர்ப்பாளா, ஆட்டைப் பார்ப்பாளா?

"ஆப் இருக்கே டீச்சர், கோடிக்கணக்கில் பாட்டு இருக்கே" என்றான் ஒருவன். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அதே பையன். தம்பி, கானா 2022இல் இலவசத்தை நிறுத்திக் காசு கொடுத்தால்தான் என்றது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருஷம் ஏர்டெல்லும் விங்க்கை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் "டவுன்லோடு" செய்து வைத்ததெல்லாம் உன் பாட்டு என்று நினைத்தாயா? ஆப் இருக்கும்வரைதான் அது பாடும். வாடகை வீட்டில் நட்ட தென்னை மாதிரி. அது போகட்டும், அந்தக் கோடிக்கணக்கான பாட்டில் எங்கள் அம்மா பாடியது எத்தனையாம்?

இனி ஐபாடா, சோனியா, சூனா என்று அடித்துக்கொண்டவர்கள். நீங்கள் கேட்கிறீர்களோ இல்லையோ, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள் நான், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் பதினைந்து வருஷமாக இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

1998இல் அமெரிக்காவில் ரியோ என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே 32 எம்பி இடம். எம்பி3யில் சாதாரணத் தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி பிடிக்கும், ஆக அரை மணி நேரப் பாட்டு. அதற்கே இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. தன்னிடம் இருக்கும் பாட்டை ஒருவன் வேறு இடத்துக்கு மாற்றி வைத்துக் கேட்பது தப்பில்லை என்று 1999இல் நீதிமன்றம் சொன்னது. 2000இல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 6 ஜிபி பெட்டி கொண்டுவந்தது. ஐபாட் 2001 அக்டோபரில்தான் வந்தது, 5 ஜிபி, 399 டாலர். ஐபாட்தான் முதலில் வந்தது என்று எழுதிய அன்புள்ளம் இதைக் குறித்துக்கொள்ளவும். பாட்டைத் தேடும் வரிசை முறைக்கு யார் சொந்தக்காரர் என்ற தகராறில் 2006இல் ஆப்பிள் கிரியேட்டிவுக்கு 10 கோடி டாலர் கொடுத்து ராசியானது.

ஐபாட் அழகுதான், மறுக்கவில்லை. அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் சுற்றுவது, கண் தெரியாதவர்களுக்கும் பழகிவிடும். ஆனால் பாட்டை உள்ளே போட ஐடியூன்ஸ் என்ற அவர்களுடைய மென்பொருள் வேண்டும். உள்ளே போன பாட்டை மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்புறையில், நாலெழுத்துப் புரியாத பெயரில் போட்டு வைக்கும். "அம்மா தாலாட்டு" என்று பெயர் வைத்து அனுப்பினால், திரும்ப எடுக்கப் போகும்போது ஏதோ ஒரு நாலெழுத்தாக நிற்கும். பேட்டரியை நாமே மாற்ற முடியாது. 2022 மே மாதம் ஐபாடை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது வாங்கினால் பழையதுதான்.

சோனி கதை இன்னும் வேடிக்கை. வாக்மேன் என்ற பெயரையே உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இந்த ஓட்டத்தில் ஏன் தோற்றார்கள்? அவர்களுக்குச் சொந்தமாக இசைத்தட்டுக் கம்பெனியும் இருந்தது. பெட்டி விற்கிற அண்ணன், பாட்டு விற்கிற தம்பி, ஒரே வீடு. தம்பி பயந்தான், அண்ணன் பூட்டுப் போட்டான். எம்பி3யை அப்படியே பாட விடாமல், அட்ராக் என்ற தங்கள் வடிவத்துக்கு மாற்றினால்தான் பாடும் என்று வைத்தார்கள். 2004 கடைசியில்தான் இறங்கி வந்தார்கள். அதற்குள் ஊர் ஐபாட் பக்கம் போய்விட்டது. இன்றும் சோனி வாக்மேன் கிடைக்கிறது, நல்ல சத்தம், பக்கவாட்டில் பொத்தான்கூட இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விலை கால் லட்சம். உள்ளே ஆண்ட்ராய்டு, முன்னால் தொடுதிரை. கூப்பிட முடியாத போன் ஒன்றுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு ஓய்வூதியம் போதாது.

அப்புறம் மைக்ரோசாஃப்ட். 2004இல் "நிச்சயம் பாடும்" என்ற அர்த்தம் வரும்படி ஒரு முத்திரையைக் கொண்டுவந்து, மற்ற கம்பெனிகளின் பெட்டிகளில் எல்லாம் ஒட்டச் சொன்னார்கள். 2006இல் தாங்களே சூன் என்று ஒரு பெட்டி செய்தார்கள். அந்த முத்திரை போட்ட பாட்டு சூனில் பாடாது! வந்த புதிதில், ஒரு சூனிலிருந்து இன்னொரு சூனுக்குப் பாட்டு அனுப்பினால் மூன்று தடவை அல்லது மூன்று நாள், அதற்கு மேல் கேட்க முடியாது. நீங்களே பாடி அனுப்பினாலும் அதே கணக்குதான். எங்கள் அம்மா தாலாட்டு பாடினதற்கு மைக்ரோசாஃப்ட் மூன்று நாள் தவணை கொடுக்கும்!

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன், காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சூன் வைத்திருந்ததைப் பெருமையாக எழுதியிருந்தான். மருமகனே, 2008 டிசம்பர் 31 ஞாபகம் இருக்கிறதா? அன்று 30 ஜிபி சூன்கள் அப்படியே உறைந்து நின்றன. காரணம் நான் உங்களுக்கெல்லாம் நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த லீப் வருஷம். உள்ளே இருந்த கடிகாரக் கணக்கு இப்படிப் போகும்: நாள் எண்ணிக்கை 365க்கு மேல் இருக்கிறதா? ஆம். லீப் வருஷமா? ஆம். 366க்கு மேல் இருக்கிறதா? இருந்தால் 366ஐக் கழித்து அடுத்த வருஷத்துக்குப் போ. சரியாக 366 ஆக இருந்தால்? அதற்கு விடை எழுதவில்லை. ஆகவே பெட்டி திரும்பவும் முதல் கேள்விக்குப் போகும், திரும்பவும், திரும்பவும். பேட்டரி தீரட்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கம்பெனி சொன்ன வைத்தியம். ஒன்றைக் கூடுதலாக யோசிக்காததால் வந்தது. இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு உங்களில் எத்தனை பேர் என்னிடம் கொட்டு வாங்கியிருக்கிறீர்கள்!

சிரித்தாயிற்று. இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் பல கம்பெனிகளுக்கும் அந்த வியாதி இருந்தது.

2009இல், கேசட் கடை வைத்திருந்த ஒரு பழைய மாணவன் அம்மா பாட்டு பதினொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. உறவில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு உசத்தியான பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஏற்றி வைத்தோம். பாட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையில், கம்ப்யூட்டர் பழுதாகி அதைச் சுத்தம் செய்தபோது நான் கவலைப்படவில்லை. அப்புறம் ஒரு தீபாவளிக்கு அந்தப் பெட்டியை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். இந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பழக்கமில்லை, அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. வீட்டுப் பிள்ளைதான், பட்டாசு வெடிக்கப் போகிற அவசரத்தில் சரி என்று அமுக்கிவிட்டது. அவ்வளவுதான். கேசட்டை எடுத்துப் பார்த்தால் பூஞ்சணம் பிடித்து நாடா ஒட்டிக்கிடந்தது. எழுதி வைத்திருந்த சிடியில் கீறல் போக நாலு பாட்டு தேறியது. ஏழு போய்விட்டது. ஒப்பாரி போய்விட்டது. அக்காவிடம் இன்றுவரை நான் நாலுதான் பதிவானது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் முகநூல் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளையை நான் திட்டவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் அம்மா குரல் போய்விடும்படி பெட்டி செய்தவன் மேல்தான் கோபம். ஒரு பிரதியோடு நின்ற என் மேலும்தான்.

அதே காலத்தில் நம்ம பஸ் ஸ்டாண்டு கடைகளில் சைனா பிளேயர் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் பல்லிளிக்கும், ஒரு பக்கம் சத்தம் வரும், ஒரு பக்கம் வராது. பக்கத்துச் செல்போன் கடையில் "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று எழுதியிருக்கும். கள்ளத்தனமாக ஏற்றியதுதான், நான் அதை நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி என்ற வகையில் யோக்கியமானது. கார்டைச் சொருகினால் பாடும். உருவினால் பாட்டு கார்டில் இருக்கும். பெட்டி செத்தாலும் கார்டு சாகாது. எந்த மென்பொருளும் உன்னிடம் அனுமதி கேட்காது. நாம் எல்லோரும் கேலி செய்த அந்த முந்நூறு ரூபாய்ச் சாமான், இந்த ஒரு விஷயத்தில் பெரிய பெரிய கம்பெனிகளைவிட நம்மை மதித்தது.

சத்தத்தின் தரம் பற்றிப் பத்து வரி எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லும் 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் இருக்கட்டும். மூலம் 1987இல் ஒற்றை மைக்கில் எடுத்த கேசட், பின்னால் கோழி கத்துகிறது. 74 வயதுக் காதுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எட்டாது. அந்தப் பணத்துக்கு நல்ல இயர்போன் ஒன்று வாங்கினால் காதில் வித்தியாசம் தெரியும்.

கார்வான் சொன்னவர்கள்தான் கொஞ்சமாவது அக்காவை நினைத்துப் பார்த்தவர்கள். 2017இல் சரிகம கொண்டுவந்தது, பழைய டிரான்சிஸ்டர் தோற்றம், பெரிய திருகு, தமிழ்ப் பெட்டியில் 5000 பாட்டு. பென்டிரைவிலும் நம் பாட்டைப் போட்டுக் கேட்கலாம். திண்ணைக்கு நல்லது. ஆனால் ஆட்டுக்குப் பின்னால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. உள்ளே இருக்கும் 5000மும் அவர்கள் தேர்ந்தெடுத்தது, வெளியே எடுக்கவும் முடியாது.

ஆகவே நான் வாங்கியது, சான்டிஸ்க் கிளிப் மாதிரி சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஜாதியில், கார்டு போடும் இடமும் அமுக்கினால் டக்கென்று அமுங்கும் பொத்தானும் உள்ள ஒரு சின்னப் பெட்டி. எஃப்எம்மும் உண்டு, இயர்போன் வயரே ஏரியல். 32 ஜிபி கார்டில் ஐந்து நிமிஷப் பாட்டு ஆறாயிரத்துக்கு மேல் கொள்ளும், நான் போட்டது நூற்று நாற்பது. வரிசை மாறாமல் பாடும்படி வைத்து, முதல் நாலும் அம்மா. பாடும் பொத்தான் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன், விரலுக்குத் தட்டுப்படும். கார்டைப் போல இன்னும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை என் பீரோவிலும் ஒன்றைத் தம்பி வீட்டிலும் வைத்தாயிற்று.

கடைசியாக, இது உறவுகளுக்கு மட்டும். 1988இல் சின்ன அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்கு அந்தக் கேசட்டை நான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். டிடிகே 60 கேசட், மேலே பச்சை மையில் "அம்மா" என்று என் கையெழுத்து. ராஜபாளையத்துக்கு ஒன்று போனது நிச்சயம், மற்றவை ஞாபகம் இல்லை. பரணில், பழைய ட்ரங்குப் பெட்டியில், பாருங்கள். கிடைத்தால் தயவுசெய்து டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். எனக்குச் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.