சதவீதம் ஓர் அலகு அன்று

"3.2 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசலுக்கு எவ்வளவு உப்பு வேண்டும்?" என்று டி.எம்.எல்.டி. பயிலும் மாணவரிடம் கேளுங்கள். "100 மில்லிலிட்டருக்கு 3.2 கிராம்" என்ற விடை நொடியில் வரும். தேர்விலும் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். எந்த உப்பு என்று கேட்பார்தாம் அரிது. மாணவரை நான் குறை கூறவில்லை. எடையைக் கேட்டுவிட்டு, எப்பொருளின் எடை என்று கேளாமல் விடும் நம் பாடமுறையைத்தான் குறை கூறுகிறேன்.

டிரைசோடியம் சிட்ரேட் இரு வடிவங்களில் விற்பனைக்கு வருகிறது. இரண்டு நீர் மூலக்கூறுகளை ஏந்திய படிகத்தின் மோலார் நிறை 294. நீரற்ற உப்பின் நிறை 258. குருதி உறைதல் சோதனைக்கு விதிக்கப்பட்ட 3.2 சதவீதம் முன்னதைக் கொண்டு கணக்கிடப்பட்டது: லிட்டருக்கு 32 கிராம், அதாவது 0.109 மோல். அதே 32 கிராம் நீரற்ற உப்பை நிறுத்துக் கரைத்தால் 0.124 மோல் ஆகிறது. புட்டியின் மேல் 3.2 சதவீதம் என்றே எழுதியிருக்கும். உள்ளிருப்பதோ, கைவிடச் சொல்லப்பட்ட 3.8 சதவீதக் கரைசலின் 0.129 மோலை நெருங்கிய ஒன்று. சிட்ரேட் மிகுந்தால் அது பிணைக்கும் கால்சியமும் மிகும், உறைதல் நேரம் நீளும், ஐ.என்.ஆர். உள்ளதைவிட உயர்ந்து தோன்றக்கூடும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபாரின் உண்ணும் நோயாளிக்கு, அந்த எண்ணை நம்பியே மருத்துவர் மருந்தைக் குறைப்பார். வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கிருந்து தொடங்குகிறது. இத்தனைக்கும் தராசு பிழைக்கவில்லை, பெருக்கலும் பிழைக்கவில்லை.

"இப்போது எல்லாம் நிரப்பிய குழாய்களாகவே வருகின்றனவே, இந்தக் கணக்கு எதற்கு?" என்பார்கள். கணக்கு ஒழிந்துவிடவில்லை. கருவியின் அளவெல்லையைக் கடந்த மாதிரியை 1:10 என நீர்க்கச் செய்யும்போது, ஒரு பங்குடன் ஒன்பது பங்கு சேர்ப்பவரும் உண்டு, பத்துப் பங்கு சேர்ப்பவரும் உண்டு. இருவருமே விடையைப் பத்தால் பெருக்கினால், பின்னவரின் அறிக்கை ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தே வரும்.

நார்மாலிட்டி இதனினும் மோசம். 0.1 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அமிலக் கரைசலில் 0.5 நார்மல், நடுநிலைக் கரைசலில் 0.3. வினையைக் குறிப்பிடாத நார்மாலிட்டிக்குப் பொருளே இல்லை. போதாக்குறைக்கு, லிட்டருக்கு 9 கிராம் உப்புடைய நீரை 'நார்மல் சலைன்' என்கிறோம். ஒரு நார்மல் சோடியம் குளோரைடுக்கோ 58.5 கிராம் வேண்டும்! முதலாண்டு மாணவர் குழம்பினால் குற்றம் யாருடையது?

ஆய்வகத்தில் தயாரிக்கும் ஒவ்வொரு கரைசலின் மேலும் உப்பின் முழுப்பெயர், அதிலுள்ள படிகநீர், மோலார் நிறை, லிட்டருக்கு எத்தனை மோல் என்பவை எழுதப்பட வேண்டும். நீர்த்தலை 'ஒன்றுடன் ஒன்பது' என்று சொல்லாலேயே குறிக்கலாம். வரும் பருவத்தேர்வில் அதே சிட்ரேட் வினாவைக் கேளுங்கள். எந்த வடிவம் என்று எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண் மட்டும் கொடுங்கள்.